யார் பார்க்கப் போகிறார்கள்?

மனிதன் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் மிகவும் சாதுவாகத் தோன்றுவது, "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பதுதான். தையற்காரர் உள்மடிப்பைக் குறைப்பதும், கொத்தனார் கலவையில் மணலைக் கூட்டுவதும் இந்தக் கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொண்ட பிறகே. ஒழுக்கம் என்று நாம் பேசுவதில் பாதி, நாலு பேர் பார்க்கும்போது நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியது. மற்றப் பாதியைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு பொம்மை ரயில் உதவிற்று.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் திருச்சியில் இருக்கிறார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். 'மாதிரி' என்றுதான் சொல்ல வேண்டும். சீமையிலிருந்து பெட்டியில் வரும் துண்டுகளை வைத்து இந்த வித்தையைப் பழகியவர். மெல்லிய பித்தளைத் தகட்டில் வண்டியின் பக்கங்களும் கதவுகளும் அச்சாகியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, அரத்தால் ராவி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இப்போது தாமே தகடு வெட்டி, மீட்டர் பாதைச் சரக்கு வண்டிகளையும், 1949 முதல் நம் நாட்டில் ஓடிய 'ஒய்.பி.' நீராவி எஞ்சினையும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்கிறார். எஞ்சின் ஒரு சாண் நீளந்தான். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போன மீட்டர் பாதை அகலப் பாதையாகிவிட்டது. அதில் ஓடிய வண்டிகள் இன்று அவர் மேஜைமீது நிற்கின்றன.

ஒரு சரக்கு வண்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியிலே வாக்குவம் பிரேக்கின் உருளை. அதிலிருந்து புறப்படும் தண்டுகள். தண்டுகளின் கோடியில் சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் பிரேக் கட்டைகள். எல்லாம் எள்ளளவு, கடுகளவு. வண்டியைத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

"இதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன்.

"வண்டியை நிறுத்துவது அதுதானே ஸார்!" என்றார்.

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்று முதலில் தோன்றிற்று. பிறகு யோசித்தேன். நான் பார்ப்பவரைப் பற்றிக் கேட்டேன். அவர் பொருளைப் பற்றிச் சொன்னார். நிஜ வண்டியில் அந்தக் கட்டை இருந்தது. ஆகையால் இதிலும் இருக்க வேண்டும். அது அந்த வண்டிக்குத் தீர்க்க வேண்டிய கடன்.

இந்தக் கடனைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு வழக்கே உண்டு. நிஜத்தில் ஓர் அடியை நாலு மில்லிமீட்டராகச் சுருக்கிச் செய்வது அங்கே பழக்கம். அந்தக் கணக்குப்படி தண்டவாள இடைவெளி 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்து மின்மோட்டார் சிறிய எஞ்சினுக்குள் அடங்கவில்லை. எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கி, 16.5 மில்லிமீட்டர் பாதையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நிஜக் கணக்கில் பாதை ஏழு அங்குலம் குறுகிப்போயிற்று. லட்சக்கணக்கானவர்கள் அதில் ரயில் விட்டு மகிழ்ந்தார்கள். சிலருக்கு மட்டும் மனம் ஆறவில்லை, 1960-களில் 18.83 மில்லிமீட்டருக்கே பாதை போடத் தொடங்கினார்கள். பைத்தியம் என்று சிரிக்கலாம். ஆனால் எந்தப் பொய்யும் 'இரண்டு மில்லிமீட்டர்தானே' என்றுதான் ஆரம்பிக்கிறது.

நண்பரும் நானும் ஒருமுறை சித்தன்னவாசலுக்குப் போயிருந்தோம். அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளத்தைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். மீன், பறவை, எருமை, யானை, மலர் கொய்யும் மனிதர். மொட்டாகவும் விரிந்தும் தாமரைகள். வெளி மண்டபத்தில் பார்க்க வெளிச்சம் உண்டு. உள்ளே கருவறையில் வெளிச்சம் தயங்கித் தயங்கித்தான் நுழைகிறது. அங்கும் விதானத்தில் கம்பளம் விரித்தாற்போலக் கோலம் தீட்டியிருக்கிறார்கள். நண்பர் வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.

நம் முன்னோர் பெயரை விரும்பாதவர்கள் என்று மேடையில் பேசுவது வழக்கம். இங்கே அது செல்லாது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. பெயரை விரும்புவது குற்றமில்லை. பெயர் எட்டாத இருட்டிலும் கை தளராமல் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இத்துடன் முடித்தால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் நண்பரின் மனைவி ஒருநாள் காபியை வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை.

"வண்டிக்கு அடியிலே என்ன இருக்குன்னு இவருக்கு நல்லாத் தெரியும். வீட்டிலே என்ன இல்லேன்னுதான் தெரியாது."

நண்பரின் அரம் ஒரு கணம் நின்றது, பிறகு ஓடிற்று. எனக்கு அந்த அம்மாளின் கட்சியே பலமாகப்பட்டது. யாரும் பார்க்காத வேலை என்றால் அவருடையதைவிட வேறு எது? கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் அடிப்புறத்தை யார் பார்க்கிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத சிரத்தையின் அருமை இன்னதென்று அறிந்த ஒரு மனிதர், தம் பக்கத்திலேயே நாற்பது வருஷமாக நடக்கும் அதே சிரத்தையைக் காணாமல் இருந்துவிட்டார். பொருளிடம் காட்டும் நேர்மை மனிதர்களிடம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை.

சித்தன்னவாசலில் பலர் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையேறி மறுபுறம் இறங்கினால் ஏழடிப்பட்டம் இருக்கிறது. சமணத் துறவிகளுக்காகப் பாறையை வழவழவென்று இழைத்த படுக்கைகள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழி எழுத்தும் அங்கே உண்டு. ஒவ்வொரு படுக்கையிலும் தலைமாட்டில் கல்லைச் சற்றே உயர்த்தித் தலையணையாக விட்டிருக்கிறார்கள். உலகைத் துறந்தவனுக்குத் தலையணை எதற்கு? அவன் கேட்டிருக்க மாட்டான். செதுக்கியவன் இன்னொருவனுடைய தூக்கத்தை நினைத்துப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

விதானத்தின் கோலத்தையும் பிரேக் கட்டையையும் நான் மதிக்கிறேன். இருட்டில் பொய் சொல்லாத கை பெரிய கைதான். ஆனாலும் அந்தக் கல் தலையணை அவற்றைவிட ஒரு படி மேல் என்று எனக்குப் படுகிறது. "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்ற கேள்வியை வென்றவர்களுக்கும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: "யார் செய்வதை நான் பார்க்காமல் இருக்கிறேன்?"