அதிகப்ரஸங்கமும் காலக்ஷேபமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியோர் பேசுமிடத்தில் குறுக்கே வாய் திறக்கும் பிள்ளையை ‘அதிகப்ரஸங்கி’ என்று வீடுகளில் கடிந்துகொள்வதுண்டு. கேட்பார் சலிக்கச் சலிக்க உபதேசம் பண்ணுமவருக்கும் இப்பெயரே வாய்க்கிறது. இச்சொல்லின் உள்ளுறையைச் சற்று அநுஸந்திப்போம்.

‘ப்ரஸங்கம்’ என்னும் வடசொல் ‘ஸஞ்ஜ்’ என்ற தாதுவில் பிறந்தது. பற்றியிருத்தல் என்பது தாதுவின் பொருள். ஆகவே ப்ரஸங்கமாவது ஒன்றோடொன்றுக்குள்ள தொடர்பு, அத்தொடர்பால் பேச்சு எழும் தருணம். தமிழ் வழக்கில் அது பேச்சுக்கே பெயராயிற்று. தர்க்க சாஸ்த்ரத்திலோ ‘அதிப்ரஸங்கம்’ என்பது ஒரு தோஷம். ஒரு யுக்தி தான் கருதிய விஷயத்தில் நில்லாமல் கருதாத இடத்தையும் சென்று பற்றுமாகில், அதிப்ரஸங்கம் என்று அதனைத் தள்ளுவர். தொடர்பின் எல்லை கடத்தலே இரு சொற்களும் காட்டும் குற்றம்.

அப்படியாகில் விரித்துரைப்பதெல்லாம் குற்றமோ என்னில், அன்று. திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய வ்யாக்யானம் ஆறாயிரப்படி. நம்பிள்ளையின் ஈடு முப்பத்தாறாயிரப்படி. படியாவது 32 எழுத்துக்கள் கொண்ட அளவு. கணக்கிட்டால் ஈடு ஏறக்குறைய 11,52,000 எழுத்துக்கள். இத்தனை பரப்பிலும் அலுப்புத் தட்டாமைக்குக் காரணம் ஸங்கதி. ஒவ்வொரு பாசுரத்திற்கும் முன்னே அவதாரிகையிட்டு, கீழ்ப்பாசுரத்தோடு இதற்குள்ள சேர்த்தியைக் காட்டிய பின்னரே ஆசார்யர்கள் பதவுரைக்குள் புகுகிறார்கள்.

‘காலக்ஷேபம்’ என்ற சொல்லுக்கும் நேர்ப்பொருள் பொழுதுபோக்குதல் என்பதே. உலகத்தார் வயிற்றுப்பாட்டையும் அச்சொல்லால் குறிப்பர். நம் ஸம்ப்ரதாயத்தில் ஆசார்யன் திருவடிவாரத்தில் க்ரந்தம் கேட்பதற்கு அதுவே திருநாமமாயிற்று. மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் ஓராண்டுக் காலம் ஈட்டைக் காலக்ஷேபமாக ஸாதிக்க, நம்பெருமாளே ச்ரோதாவாய் எழுந்தருளியிருந்தார் என்பது குருபரம்பரையில் ப்ரஸித்தம். எளிய பொருளுடைய சொல் கேட்பவனின் ஆசையால் உயர்ந்தது. ‘ப்ரஸங்கம்’ என்னும் நல்ல சொல் பேசுபவனின் மிகையால் வசையாயிற்று.

உபதேசரத்தினமாலையின் முடிவில் மாமுனிகள், முன்னோரிடம் முறைப்படி கேளாமல் தம் நெஞ்சில் தோன்றியதையே சொல்லுமவர்களை மூர்க்கர் என்று கடிந்தருளினார். வங்கிக் கணக்கில் பழகிய அடியேனுக்கு, இருப்புக்கு மேல் எடுத்த பணமாகவே அப்பேச்சுத் தோன்றுகிறது.

இன்று கைபேசியைத் தொட்டால் நூறு உபந்யாஸங்கள் கிடைக்கின்றன. கேட்ட மாத்திரத்தில் நாமும் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பாசுரத்தை வெறுப்பதும் விரும்புவதும் இதனைப் பொறுத்தது. ஆகையால் ஒரு பாசுரத்தைச் சொல்லப் புகும்போது, இதை யாரிடம் கேட்டோம், எதிரே இருப்பவர் இப்போது எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்ற இரண்டையும் ஆராய்ந்து சொல்வோமாக. இரண்டிற்கும் விடையில்லையாகில் அன்று கேட்பவராய் அமர்வதே ஸ்வரூபத்துக்குச் சேரும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.