நாக்கின் அடியில் ஒரு சொட்டு

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாயின் ஊர். என் மகளுக்கு ஏழு வயது. அரைக் கடலை வாய்க்குள் போனால் போதும், அவளுக்கு உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மா அடுக்களை முழுக்கக் கழுவி விடுவாள். பிறகு, "பேத்திக்கு ஒரு மிட்டாய் கொடுக்க எனக்குக் கொடுத்து வைக்கலையே" என்று கண் கலங்குவாள்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவில். போன மாதம் மருத்துவர் ஒரு வழி சொன்னார். கடலைப் புரதம் கலந்த திரவத்தை நாக்கின் அடியில் விட்டு, இரண்டு நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும். தினமும், சில வருடங்களுக்கு. வாய்ச்சவ்வில் இருக்கும் நோயெதிர்ப்பு செல்கள் மெல்ல மெல்ல அந்தப் புரதத்துக்குப் பழகிக்கொள்ளும் என்பது கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். கோட் எழுதுகிறவனுக்கு எண்களைப் பார்த்தால்தான் தைரியம் வரும். 2011இல் இந்த மாநிலத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு, 18 குழந்தைகள். ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது சொட்டு எடுத்தவர்கள் சாப்பிட முடிந்த கடலைப் புரதத்தின் இடைநிலை அளவு 1,710 மில்லிகிராம். மருந்தில்லாத திரவம் எடுத்தவர்களுக்கு 85. அதாவது ஆறேழு கடலைக்கும் ஒரு கடலையின் மூன்றில் ஒரு பங்குக்கும் உள்ள வித்தியாசம்.

கடலை மாவையே அளந்து சாப்பிட வைக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதில் தாங்கும் அளவு இன்னும் கூடும். ஆனால் அந்த முறையைப் பற்றி, 12 பரிசோதனைகளில் இருந்த 1,041 பேரின் விவரங்களைத் தொகுத்து 2019இல் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. கடலையைத் தவிர்த்து வாழ்ந்தவர்களைவிட சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய மூன்று மடங்கு வந்திருந்தது. பரிசோதனை அறையில் ஜெயித்தவர்கள் வீட்டில் அதிகம் அவதிப்பட்டார்கள். சொட்டில் அளவு மிகக் குறைவு. பெரும்பாலும் வாய் அரிப்போடு போய்விடும். பலனும் அந்த அளவுக்குக் குறைவு.

எந்த முறை நல்லது என்பது மருத்துவரின் கேள்வி. என் கேள்வி வேறு. அவளைக் கொல்லக்கூடிய ஒன்றைத் தினமும் அவள் வாயில் விட எனக்கு என்ன உரிமை?

தடுப்பூசிக்கு யாரும் குழந்தையிடம் சம்மதம் கேட்பதில்லையே என்றார் நண்பர். உண்மைதான். ஆனால் அம்மை தானாகத் தேடி வரும். கடலையை ஓரளவு தள்ளி வைக்கலாம். இங்கே ஆபத்தை வீட்டுக்குள் கூட்டி வருவதே நான்தான். அதோடு இது குணமும் இல்லை. சொட்டை நிறுத்தினால் தாங்கும் சக்தி போய்விடலாம். ஏழு வயதுக்காரிக்காக நான் போடும் கையெழுத்தை பதினைந்து வயதுக்காரி சுமக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பள்ளியிலிருந்து போன் வந்தால் என் கை நடுங்குகிறது. அம்மாவின் அழுகை காதில் நிற்கிறது. இந்தச் சிகிச்சை யாருக்கு?

ஒருநாள் அவளிடமே கேட்டேன். "கடலை சாப்பிடணும்னு ஆசையா இருக்கா?"

"இல்லப்பா. வாசமே பிடிக்கல."

"அப்ப என்ன வேணும்?"

"லஞ்ச்ல தனி டேபிள்ல உட்கார வேண்டாம்."

நான் கிராம் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒரு நாற்காலி. அதற்குச் சொட்டு மருந்து அவசியமா? பள்ளியோடு பேசினாலே பாதி முடியும். பேசினேன். இப்போது கடலை கொண்டு வராத இரண்டு தோழிகள் அவளோடு உட்காருகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் சொட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். வாய் அரிக்கும், ரொம்ப நாள் ஆகும், முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்று எதையும் மறைக்கவில்லை. தெரியாமல் ஒரு துணுக்கு உள்ளே போனால் தப்பிக்க உதவும் என்பதையும் சொன்னேன்.

"நடுவுல வேணாம்னு சொன்னா நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்திடுவேன்" என்றேன்.

அடுத்த வாரம் முதல் சொட்டு. அந்த வார்த்தையைக் காப்பாற்றுவேனா என்பதுதான் இப்போது என் பயம்.