இரத்தம் ஒருத்தியுடையது, கணக்கு வேறொருவருடையது

2007 ஜூலையில் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களின் தொகை ஒரே அறிவிப்பில் பாதிக்கும் கீழே போனது. முந்திய ஆண்டு ஐ.நா.வின் எயிட்ஸ் அமைப்பு 57 இலட்சம் என்றிருந்தது. இப்போது அதன் ஒப்புதலோடேயே 25 இலட்சம். யாருக்கும் சுகமாகிவிடவில்லை, கணக்குத்தான் மாறிற்று. அதே ஆண்டு நவம்பரில் உலகத் தொகையும் 3 கோடியே 95 இலட்சத்திலிருந்து 3 கோடியே 32 இலட்சமாக இறங்கியது. அந்த இறக்கத்துக்கு முதற்காரணம் இந்தியத் திருத்தமே.

பழைய தொகையைப் பச்சைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அரச ஆஸ்பத்திரிகளின் கர்ப்பிணி கிளினிக்குகளிலும் பாலியல் நோய் கிளினிக்குகளிலும் எடுத்த இரத்தத்தை வைத்து நாடு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்திருந்தார்கள். 2005-06 தேசிய குடும்பநல ஆய்வு வீடு வீடாகப் போய் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தபோது பிழை தெரிந்தது. அது எங்கே புகுந்தது என்பதை ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் நடந்த தனி ஆய்வொன்று காட்டியது. தொற்றுள்ளவர்களையும் சந்தேகப்பட்டவர்களையும் தனியார் ஆஸ்பத்திரிகள் அரச ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டிருந்தன. விரட்டப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடத்திலேயே கணக்கும் எடுக்கப்பட்டது. ஆக, ஒதுக்கிவைத்த குற்றமும் சேர்ந்துதான் தொகையை ஊதியிருக்கிறது. இதைப் 'புள்ளிவிபரப் பிழை' என்பது கொஞ்சம் அதிகப்படியான மரியாதை.

கூட்டிச் சொன்னால்தான் அரசாங்கங்கள் அசையும், மருந்து வரும், அதிலென்ன பாவம் என்று கேட்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய ஜேம்ஸ் சின், கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டன என்று 2007இல் ஒரு நூலே எழுதினார். தரவும் முறையும் மேம்பட்டதால் வந்த திருத்தம் என்றது எயிட்ஸ் அமைப்பு. உள்நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். நல்ல காரியத்துக்காகக் கூட்டலாம் என்ற வாதம் நிற்காது. எயிட்சுக்கு ஒதுக்கிய பணம் காசநோய்க்கோ பிரசவ வார்டுக்கோ ஒதுக்காமல் விட்ட பணம். கூட்டியது பிடிபட்ட நாளில், உண்மையாகவே தொற்றுள்ளவர்களைப் பற்றிய பேச்சையும் ஊர் நம்பாமல் போகும். 25 இலட்சம்கூட 20க்கும் 31க்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பீடுதான். அந்த இடைவெளியைத் தலைப்பில் போட எந்தப் பத்திரிகைக்கும் மனம் வருவதில்லை.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்றுண்டு. வேறு சோதனைக்காகக் கர்ப்பிணியிடம் எடுத்த இரத்தத்தில் மிஞ்சியதைப் பெயர் நீக்கி எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது பல நாடுகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. தொகையில் அந்தப் பெண் சேர்ந்தாள். சேதி அவளுக்குப் போகவில்லை. மருந்தே இல்லாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். வயிற்றுப் பிள்ளையைக் காக்கும் மருந்து வந்த பிறகு என்ன நியாயம்? இலங்கையில் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பார்கள். கொழுந்து எடுத்தவள் தராசுக்கு முன்னால் நின்று சண்டையாவது பிடிக்கலாம். இரத்தம் கொடுத்தவளோ தராசைக் கண்டதேயில்லை.

இலங்கை இதில் நல்ல பெயர் எடுத்த நாடு. கர்ப்பிணிகளைச் சோதித்து, முடிவை அவர்களிடமே சொல்லி, மருந்தும் கொடுக்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வயது வந்தோரில் தொற்று 0.1 வீதத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு. ஆனால் யாரைச் சோதிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள் போகுமுன்னும் சோதிக்கப்படுகிறாள், போன இடத்திலும் சோதிக்கப்படுகிறாள். கொழும்புக் கடையில் நிற்கும் அவள் புருஷனை யாரும் கூப்பிடுவதில்லை. தேடிய இடத்தில்தானே கிடைக்கும். பிறகு, "வெளிநாடு போன பொம்பளைங்கதான் கொண்டாறாங்க" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு வரும்.

தோட்டத்திலேயே இருக்கும் ஆம்பிளை தானாகச் சோதிக்க நினைத்தால் நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். பஸ்ஸில் தெரிந்த முகம் இல்லாமல் இராது. ஒரு காம்பிராவில் பேசுவது அடுத்த காம்பிராவில் கேட்கும் லயத்தில் எதற்குப் போனான் என்பதும் மறையாது. அதனால் போகாமலே இருந்துவிடுகிறான். நாட்டின் குறைந்த தொற்று வீதத்தைக் காட்டி மலையகத்துக்கு இந்தச் சேவை அவசரமில்லை என்று யாராவது எழுதினால், அது 57 இலட்சம் என்று எழுதியதற்கு எந்த விதத்திலும் இளைத்த பிழையல்ல. அந்தப் பிழையில் மருந்துக்குப் பணமாவது வந்தது.