கல்மரமும் பற்றும்

பொத்தேரியினின்று புலரியிற் புறப்பட்டுத் திருவக்கரை யடைந்து, சந்திரமௌலீசுவரரை வழிபட்டபின், அண்மையில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் காத்துவருங் கல்மரப் பூங்காவைக் கண்டோம். ஏறத்தாழ 2 கோடி யாண்டுகட்கு முன் வெள்ளங் கொணர்ந்து மணலுட் புதைத்த மரங்கள், நீரிற் கரைந்த சிலிகா உட்புகுந்தமையாற் கல்லாகி, செம்மண்மேற் பழுப்பும் வெண்மையுமாய்க் கிடக்கின்றன. மரம் அழிந்ததன்று, வடிவு திரிந்ததே.

உடன்வந்த அன்பரொருவர் சிறு துண்டொன்றை எடுத்து, 'சடப்பொருள்தானே. கொண்டு செல்வதால் யார்க்கு என்ன தீங்கு?' என்றார். கல்லிற்கு நோவில்லை யென்பது மெய்யே. ஆயினும், மாயாகாரியம் உயிர்கட்கு விளக்காக இறைவன் தந்தது. அதனை 'எனது' எனப் பற்றுதல் ஆணவத்தின் செயல். ஆதலின் தீங்கு முதற்கண் எடுப்பார்க்கே. வருவார் ஒவ்வொருவரும் ஒரு துண்டு கொள்வாராயின், பின்வருவார்க்கு அவ்விளக்கும் எஞ்சாது.

அன்பர் கல்லைக் கிடந்த விடத்தே வைத்தார். 'யான் தடுத்தேன்' என்னுஞ் செருக்கையோ, யான் ஊர் திரும்புமளவுஞ் சுமந்துவந்தேன்.