செத்தவர் மீது வழக்கு

1888-ஆம் ஆண்டு லண்டன் ஒயிட்சேப்பல் வட்டாரத்தில் ஏழைப் பெண்கள் ஐவரைக் கொன்றதாகச் சொல்லப்படும் ‘ஜாக் தி ரிப்பர்’ யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரியாததால்தானோ என்னவோ, கதை படிக்கிறவர்களுக்கு (எழுதுகிறவர்களுக்கும்தான்) அவனைப் பிடித்துவிடும் ஆசை ஓயவில்லை.

அந்த ஆசைக்கு இரையானவர்களில் ஒருவர் மாண்டேகு ட்ரூயிட். அவ்வருஷம் டிசம்பரில் தேம்ஸ் நதியில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டவர். 1894-இல் மக்னாட்டன் என்ற போலீஸ் அதிகாரி, சந்தேகத்துக்குரியவர் என்று அவர் பெயரைக் குறித்து வைத்தார். கொலைகள் நடந்தபோது அதிகாரி போலீஸ் உத்தியோகத்திலேயே இல்லை. ட்ரூயிட் டாக்டராம்! உண்மையில் அவர் பாரிஸ்டர், பள்ளி ஆசிரியரும்கூட.

செப்டம்பர் 8-ஆம் தேதி விடியற்காலையில் ஆனி சாப்மன் கொலையுண்டாள். அன்று முற்பகலில் ட்ரூயிட் பிளாக்ஹீத்தில் கிரிக்கெட் ஆடினார். “பார்த்தீர்களா, நிரபராதி!” என்கிறார் ஒருவர். “கை கழுவிவிட்டு ரயிலேற நேரமிருந்ததே!” என்கிறார் மற்றவர். கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் கூண்டில் நிற்பவருக்கு. சாய்வு நாற்காலி விசாரணையிலோ அது துப்பறிகிறவருக்கே போய்விடுகிறது. செத்தவர் மானநஷ்ட வழக்குப் போடமாட்டார் என்ற தைரியம்!

ஆனிக்கு வயது 47. அன்றிரவு விடுதிப் படுக்கைக்குக் காசில்லாமல் தெருவுக்கு வந்தவள். ரயில் கணக்குப் போடுகிறவர்களுக்கு அவள் இறந்த நேரம் மட்டும் வேண்டியிருக்கிறது.