வெறும் தராசு

சின்ன ஊர்களைப் பார்ப்பதற்கென்று ஒரு பருவம் உண்டு. பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. ஆனால் கரிசல் காட்டுக்குப் பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பங்குனி பிறந்த உடனேயே வேம்பு பூவெடுக்கத் தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் பனியின் மிச்சம் கொஞ்சம் இருக்கும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் முதுகைச் சுடும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்துக்காகவே ஒருவர் ரயில் ஏறி வரலாம்.

அப்படித்தான் ஒரு பங்குனி ஏழாம் தேதி காலையில் சங்கரன்கோவிலில் போய் இறங்கினேன். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் ஊரின் குணம் மாறவில்லை. தெருவுக்குள் நுழைந்தால் தறியின் ஓசை. பூச்சந்தைப் பக்கம் போனால் மல்லிகை வாசனை. எங்கே நின்று பார்த்தாலும் வானத்தில் ஒன்பது நிலைக் கோபுரம்.

போன காரியம் ஓர் இலக்கியக் கூட்டம். எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு 'எழுத்தாளனும் நடுநிலையும்'. அந்த ஊரில் எனக்கு ஓர் அக்காள் இருக்கிறாள், பெரியம்மாவின் மகள். முன்பெல்லாம் அவள் வீட்டில்தான் தங்குவேன். இந்த முறை விடுதியில் அறை எடுத்துக்கொண்டேன். பாதி வீட்டில் இருப்பவளுக்கு எதற்குத் தொந்தரவு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தப் 'பாதி'யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். அங்கே சந்நிதிகள் மூன்று. ஒரு புறம் சங்கரலிங்கர், ஒரு புறம் கோமதி அம்மன், நடுவில் சங்கரநாராயணர். சங்கரநாராயணருக்கு ஒரே திருமேனிதான். வலப் பாதி சிவன், இடப் பாதி திருமால்.

தலபுராணக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். சங்கனுக்குச் சிவன் உயர்வு. பதுமனுக்குத் திருமால் உயர்வு. வாதம் முற்றி, இருவரும் அம்பிகையிடம் போய் முறையிட்டார்கள். அம்பிகை புன்னை வனத்தில் தவம் இருந்தாள். தவத்தின் முடிவில் இறைவன் இருவரும் ஒருவராய்க் காட்சி கொடுத்தான். ஆடி மாதத்தில் ஊரே திரண்டு கொண்டாடும் ஆடித் தபசு இந்தக் கதையை ஒட்டியதுதான். இன்றைக்கும் கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தருகிறார்கள். நாகசுனை என்ற குளத்தில் அந்த நாகர்களின் பெயர் நிலைத்திருக்கிறது.

நான் போன நாள் மார்ச் மாதம் 21. அன்றும் அடுத்த இரண்டு நாளும், பிறகு செப்டம்பரில் அதே தேதிகளிலும் காலை வெயில் உள்ளே புகுந்து சங்கரலிங்கத்தின் மேல் விழும் என்று சொல்கிறார்கள். பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நாட்கள் அவை. அப்போதுதான் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறான். கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது முன்னால் நின்றவர்களின் முதுகுகள்தாம். இருந்தாலும் மனத்துக்குள் ஒரு நிறைவு. இருளுக்கும் ஒளிக்கும் சம பங்கு. சிவனுக்கும் திருமாலுக்கும் சம பங்கு. மாலைப் பேச்சுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். எழுத்தாளன் கோயிலுக்குப் போனாலும் கைச்சரக்குக்கு ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்க்கிறான்!

கூட்டத்தில் தலைமை வகித்தவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: "இவர் எழுத்தில் மட்டும் நடுநிலையாளர் அல்லர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒரு குடும்பத் தகராறை ஒரே மாலையில், ஒருவர் மனமும் நோகாமல் தீர்த்து வைத்தவர்." கை தட்டினார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்தத் தகராறுதான் என் அக்காள் வீட்டுப் பாகப் பிரிவினை. அத்தான் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய தம்பி வந்து, "அப்பா கட்டிய வீட்டில் எனக்கும் பாதி உண்டு" என்றார். "உம்ம பங்குக்கு ரொக்கம் வாங்கிட்டுத்தானே வெளியூரில் கடை வச்சீரு? மாமா இருக்கும்போதே கைச்சீட்டு எழுதிக் கொடுத்தீரே" என்றாள் அக்காள். "அப்படி ஒரு சீட்டு இருந்தால் காட்டச் சொல்லுங்கள்" என்றார் அவர். அக்காளால் காட்ட முடியவில்லை. "ஒரு வாரம் பொறுங்க, தேடி எடுக்கேன்" என்றாள்.

இரண்டு தரப்புக்கும் பொதுவான ஆள் என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். எனக்கோ அன்று இரவே வண்டி. அவள் சொல்வது மெய்யா என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்வது பொய்யா என்றும் தெரியாது. தெரியாதபோது என்ன செய்வது? ஆளுக்குப் பாதி! முன்பாதி கொழுந்தனாருக்கு, பின்பாதி அக்காளுக்கு. முற்றத்தின் குறுக்கே ஒரு சுவர். நானே நாடா பிடித்து அளந்தேன். அங்குலம் பிசகவில்லை. சுற்றியிருந்தவர்கள், "இதுதான் நியாயம்" என்றார்கள். அக்காள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி" என்றாள். நான் ரயில் ஏறிவிட்டேன்.

கூட்டம் முடிந்து மாலை மரியாதையெல்லாம் ஆன பிறகு, ஒரு பெரியவர் மெல்ல என் பக்கத்தில் வந்தார். முன்பு நூல் கடையில் கணக்கு எழுதியவர். அக்காள் வீட்டுக்கு நாலாவது வீடு.

"நல்லாப் பேசினீங்க. ஒண்ணு சொல்லலாமா? அந்தக் கைச்சீட்டை எழுதினது நான்தான். ரூபாயை எண்ணிக் கொடுத்தப்பவும் பக்கத்திலே இருந்தேன்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அன்றைக்கு ஏன் ஐயா சொல்லவில்லை?" என்றேன்.

"யாரும் என்னைக் கேக்கலியே" என்றார் அவர். "அடுத்த குடும்பத்துக் காரியத்திலே கூப்பிடாம எப்படி நுழையறது?"

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாக வாட்டியது. நாலு வீடு! உண்மைக்கும் எனக்கும் நடுவே அன்றைக்கு இருந்த தூரம் அவ்வளவுதான். அந்தத் தூரத்தை நடக்காமல் ரயிலைப் பிடிக்க ஓடியவனுக்குத்தான் நடுநிலையாளன் என்று கை தட்டினார்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியில் பார்த்த ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. மின்தராசுகள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் ஒரு கடையில் பழைய தட்டுத் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வியாபாரத்தை முடித்து, படிக்கற்களை எடுத்து வைத்துவிட்டார். தட்டுகள் இரண்டும் காலி. முள் மட்டும் மிகவும் நேராக, நட்ட நடுவில் நின்றது.

வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். நடுநிலைக்குத் தராசை உவமை சொல்லி நமக்குப் பழக்கம். ஆனால் எடை போட்டு நேராக நிற்கிற தராசும் நேராகத்தான் நிற்கிறது. ஒன்றுமே வைக்காத தராசும் நேராகத்தான் நிற்கிறது. பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என்னுடையது வெறும் தராசு.

சாலமோன் அரசன் கதையை எல்லோரும் அறிவோம். ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் வழக்காடியபோது, வாளைக் கொண்டுவரச் சொல்லி, ஆளுக்குப் பாதி என்றான். ஆனால் அது அவன் தீர்ப்பல்ல. உண்மையை வெளியே வரவழைக்கச் செய்த உபாயம். "குழந்தையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள்" என்று ஒருத்தி அலறியபோதுதான் அவன் தீர்ப்புச் சொன்னான். நான் என்ன செய்தேன்? உபாயத்தையே தீர்ப்பாக்கிவிட்டேன். "சரி தம்பி" என்று அக்காள் விட்டுக் கொடுத்தபோது, விட்டுக் கொடுக்கிறவள் யார் என்று பார்க்கும் கண் எனக்கு இல்லை.

வீட்டுக்கு நேர்ந்தது நாட்டுக்கும் நேர்ந்திருக்கிறது. 1947-இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கும் எல்லையை வகுக்க சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கில வழக்கறிஞரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அதையே அவருடைய நடுநிலைக்கு ஓர் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அவருக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஐந்து வாரம். ஜூலை 8-ஆம் தேதி வந்தார். ஆகஸ்டு 17-ஆம் தேதி எல்லைக்கோடு வெளியாயிற்று. அந்தக் கோட்டின் இரு பக்கமும் மக்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அத்தனை துயரத்துக்கும் ஒரு தனி மனிதரைக் குற்றவாளியாக்குவதும் முறையல்ல. நான் கேட்பது வேறு: ஒன்றும் அறியாமல் இருப்பது எப்படி ஒருவனுக்கு நியாயம் வழங்கும் தகுதியாகும்? பக்கம் சாராதவன் என்பதும் பாராதவன் என்பதும் ஒன்றா?

மறுநாள் காலையில் அக்காள் வீட்டுக்குப் போனேன். இப்போது அவளுக்குத் தெருவாசல் இல்லை. பக்கத்து முடுக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போக வேண்டும். முற்றத்தின் மீதிப் பாதியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மணி எட்டைத் தாண்டியிருந்தும் அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிழக்கு வெயில் முழுவதும் அந்தப் பக்கத்துச் சுவரோடு நின்றுவிடுகிறது. நான் அளந்து கொடுத்த சுவர்!

"வா தம்பி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ரூம் எடுத்திருக்கியாமே. அக்கா வீட்ல ஒரு பாய் போட இடம் இல்லியா?" என்றாள்.

நான் உட்கார்ந்து, பெரியவர் சொன்னதைச் சொன்னேன். தவறு செய்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தச் சீட்டு மறு மாசமே ராமாயணப் புஸ்தகத்துக்குள்ள கிடைச்சுது" என்றாள்.

"பிறகு ஏன் அக்கா எனக்கு எழுதவில்லை?"

"பாதி வீடு போனது பெருசில்ல தம்பி. ஒத்தைக் கட்டைக்கு எதுக்கு இம்புட்டு வீடு? ஆனா, நான் சொன்னதுலயும் பாதியைத்தானே நீ நம்புன. பொய்யும் மெய்யும் உனக்கு ஒரே எடையாப் போச்சு. அதுக்கப்புறம் சீட்டைக் காட்டி என்ன ஆகப்போவுது?"

இத்தனை வருஷம் கதை எழுதுகிறேன். இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை. பொருளைப் பாதியாக்கலாம், பணத்தைப் பாதியாக்கலாம். ஒருத்தியின் சொல்லைப் பாதியாக்கினால் அது பொய் என்றே ஆகிவிடுகிறது. மெய் சொன்னவளையும் பொய் சொன்னவரையும் ஒரே தட்டில் வைப்பது இருவருக்கும் பொதுவான காரியம் அல்ல. அது பொய்க்குச் செய்கிற உதவி.

திரும்பும் வழியில் மறுபடியும் கோயிலுக்குள் போனேன். முதல் நாள் நான் மெச்சிக்கொண்ட அதே சங்கரநாராயணர். ஆனால் இப்போது வேறு விதமாகத் தெரிந்தார். அங்கே பாதிக்குப் பாதி என்று எதையும் பங்கு போடவில்லை. நடுவே சுவர் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் மூச்சு விடுகின்றன. இன்னொன்றும் புரிந்தது. இரண்டு நாகர்களும் வந்து முறையிட்டபோது அம்பிகை, "உனக்குப் பாதி, அவனுக்குப் பாதி, போய் வாருங்கள்" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து காட்டுக்குப் போனாள். பிறர் வழக்கைத் தீர்க்கத் தான் தவம் இருந்தாள். அதனால்தானே இந்த ஊர்த் திருவிழாவுக்குத் 'தபசு' என்றே பெயர் நிலைத்திருக்கிறது?

நடுநிலை என்பது ஒருவன் சௌகரியமாகப் போய் உட்காருகிற இடம் அல்ல. கேட்டு, விசாரித்து, நாலு வீடு நடந்து, வண்டியைத் தவறவிட்டு, வேண்டியவர்களின் மனக்கசப்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தராசு ஒரு பக்கம் சாய்ந்தே நின்றாலும் அதுதான் நேர். யாரும் மனம் நோகவில்லை என்று ஊர் மெச்சும்போது, நோகாமல் இருந்தது யார் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அது மத்தியஸ்தம் செய்தவனாகத்தான் இருக்கும்.

அன்று மாலை வண்டிக்கு வாங்கியிருந்த சீட்டை ரத்து செய்தேன். விடுதி அறையைக் காலி செய்துவிட்டு, அக்காள் வீட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் அந்தப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு, கைச்சீட்டோடு, அதே வீட்டின் முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அக்காளின் கொழுந்தனார்தான் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற பெரியவரைக் கண்டதும் அந்த மலர்ச்சி வாடியது.

அதற்குப் பிறகு பேசியது அந்தக் குடும்பத்தின் சொந்தக் காரியம். பத்திரிகையில் எழுத எனக்கு உரிமை இல்லை. சுலபமான பேச்சாக இருக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். இரண்டு பக்கத்திலும் எனக்கு நல்ல பெயர் இருந்தது. இப்போது ஒரு பக்கத்தில் அது போய்விட்டது. அதை நினைத்து எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் பதினோரு வருஷமாகச் செலுத்தாமல் இருந்த கடனில் முதல் தவணையைக் கட்டியதுபோல் ஓர் ஆறுதலும் இருக்கிறது.