முதல் கேள்வி: நீங்கள் யார்?

தேக்கா காப்பிக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் நாலு அநியாயமாவது பேசப்பட்டுவிடும். அதில் ஒன்றுக்காவது யாராவது, "இதுக்கு ஒரு கேஸ் போடணும்" என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் உடனே தலையாட்டுவார். விதிமீறிய விளம்பரப் பலகைக்கெல்லாம் சலிக்காமல் வழக்குப் போட்ட டிராஃபிக் ராமசாமியின் ஊர்க்காரர் அல்லவா! நேரடியாகப் பாதிக்கப்படாதவரும் பொதுநலனுக்காக வழக்காடலாம் என்று 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது.

சிங்கப்பூரில் அந்தக் கதவு அவ்வளவு அகலமில்லை.

இங்கே, "என்ன தவறு நடந்தது?" என்பதற்கு முன்பே "உங்களுக்கு என்ன நேர்ந்தது?" என்ற கேள்வி வரும். அனைத்துலகப் பண நிதியத்துக்கு 400 கோடி அமெரிக்க டாலர் கடன் தரும் உறுதியை எதிர்த்துக் கென்னத் ஜெயரத்னம் 2012-இல் நீதிமன்றம் போனார். மற்றக் குடிமக்களுக்கு இல்லாத தனிப் பாதிப்பு எதுவும் அவருக்கு இல்லை என்பதால் வழக்காடும் தகுதியும் இல்லை என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே 2012-இல் ஹவ்காங் தொகுதி காலியானது. பாட்டாளிக் கட்சி தன் உறுப்பினர் யாவ் ஷின் லியோங்கை நீக்கியதன் விளைவு அது. இடைத்தேர்தல் எப்போது என்று தெரியவில்லை. தொகுதிவாசியும் துப்புரவுப் பணியாளருமான வெள்ளம்மா மாரிமுத்து மார்ச் மாதம் மனுத் தாக்கல் செய்தார். அவர் கையில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஹவ்காங் வாக்காளர் என்ற ஒரே பிடிமானம்தான். மே 26 அன்று இடைத்தேர்தல் நடந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம், அவர் விடவில்லை. பிரதமர் தாம் நினைத்தபோது தேர்தல் வைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும் என்றார்.

2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. இடம் நிரம்பிவிட்டதால் அவருக்கு இனி வழக்காடும் தகுதி இல்லை, மேல்முறையீடு தள்ளுபடி. ஆனால் அதே தீர்ப்பு, பிரதமருக்கு வரம்பற்ற அதிகாரம் இல்லை, நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்றும் சொன்னது. தோற்றவர் கேட்ட பதில் அது!

இப்படி ஒரு தோல்விக்கு எத்தனை பேர் துணிவார்கள்? தோற்ற தரப்பே எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்பதுதான் இங்கே பொதுவான வழக்கம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் அதையும் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நீதிமன்றம்தான் ஒரே வழியா என்பது அடுத்த யோசனை. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, சுமார் 4 கிலோமீட்டர் செல்லும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2015-இல் மூன்று பேர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். பொது ஒழுங்கு காரணமாகத் தடை செல்லும் என்று உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மறு ஆண்டே வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி நீதிமன்ற உத்தரவால் வந்ததல்ல.

மேளம் கேட்க வேண்டும் என்பவருக்கு இந்து அறக்கட்டளை வாரியத்தோடும் அரசோடும் பேசுவதே குறுக்குவழியாக இருக்கலாம். சட்டம் என்ன சொல்கிறது என்று அறிய வேண்டியவருக்கு அந்தப் பேச்சு போதாது.

2017-இல் அதிபர் தேர்தலுக்காக ஹாலிமா யாக்கோப் தம் நாடாளுமன்ற இடத்தை விட்டு விலகினார். அவர் இருந்த மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து இன்னொரு பெண் இடைத்தேர்தல் கேட்டு நீதிமன்றம் போனார். குழுத்தொகுதியில் ஓரிடம் காலியானால் அப்படி நடத்த வேண்டியதில்லை என்று 2019-இல் விடை கிடைத்தது. அவருடைய வழக்கறிஞர் வாதத்துக்கு எடுத்துச்சென்ற தீர்ப்புகளில் ஒன்று, ஹவ்காங் துப்புரவுப் பணியாளர் தோற்ற அந்த வழக்கினுடையது.